மாமரம் இன்னும் காயவில்லை

கிள்ளான்,
ஆகஸ்ட் 1994

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. விநாயகமூர்த்தி அவர்களுக்கும், சம்பந்தியம்மா திருமதி குணபூசணி அவர்களுக்கும், கிள்ளானிலிருந்து சபாபதி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் புஷ்பவல்லியும் நலமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை. புஷ்பவல்லி நலம். எனக்கு வலது கைப் பெருவிரலில் தோல் கொஞ்சம் போயிருக்கிறது. மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பிரிக்பீல்ட்சில் நீங்கள் இருவரும் மாப்பிள்ளை சண்முகரத்தினமும் சுகமாக இருக்க வேண்டும் என்று, விளக்கேற்றும்போதெல்லாம், கையில் பசை இல்லாத நாட்களில் கை கூப்பியும், இருக்கும் நாட்களில் மனதாலும் வேண்டிக்கொள்கிறேன்.

டெலிபோனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். டெலிபோனில் நீங்கள், "என்ன மாதிரி சம்பந்தி, பேனை முடிஞ்சுதோ?" என்று கேட்டால், என் வாய் தானாகவே, "முடிஞ்ச மாதிரிதான்" என்று சொல்லிவிடுகிறது. கேட்ட ஒவ்வொரு முறையும் அப்படித்தான் சொன்னேன். முடியவில்லை. நீங்கள் பேனை என்கிறீர்கள், நாங்கள் பேனா என்கிறோம். எந்தப் பெயரில் அழைத்தாலும் அது வர மறுக்கிறது. ஆகையால் அடுத்த மாதம் பெட்டாலிங் ஜெயா பதிவு அலுவலகத்தில் நடக்கவிருக்கும் பிள்ளைகளின் பதிவையும், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடக்கவிருக்கும் தாலி கட்டும் சடங்கையும் தள்ளிவைக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நிச்சயதார்த்த விருந்தன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் உங்கள் சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்தி, "எங்கட அப்பா ஸ்டேஷன் மாஸ்டர், சம்பந்தியின்ர அப்பா தண்டவாளம் போட்டவர், எல்லாரும் ஒரே ரயில்வேதான்" என்று சொன்னீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் அந்தத் தண்டவாளம் மட்டும் கூடத்தின் நடுவில் கிடப்பது போல எனக்கு இருந்தது. அதைத் தாண்டிப் போக என்ன வழி என்று யோசிப்பதற்குள் என் வாய் பேசிவிட்டது. பதிவன்று பிள்ளைகள் கையெழுத்துப் போடும் பேனாவை நானே கடைந்து தருகிறேன், ஒரு பாதி உங்கள் வீட்டு மரம், மறு பாதி எங்கள் வீட்டு மரம் என்றேன். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் முற்றத்து மாமரத்தின் ஒரு கிளை, பேப்பரில் சுற்றி, மாப்பிள்ளையின் காரின் பின்பக்கத்தில் வந்து இறங்கியது. அதில் இலைகூட வாடியிருக்கவில்லை.

நான் ஒன்றும் தெரியாமல் பெருமை பேசிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்ட் கிள்ளான் குட்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் இருந்தேன். பெர்த்தில் இருக்கும் என் தங்கை மகன், பேனாவுக்கு வேண்டிய பித்தளைக் குழாய், கிளிப், முனை எல்லாம் ஒரு பையில் போட்டு அனுப்பினான். பக்கத்து வீட்டு அய்யாவு, மேருவில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மரம் கடைகிற பழைய லேத் ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறார். மரத்தைச் சதுரத் துண்டாக அறுத்து, நடுவில் நீளமாகத் துளை போட்டு, அதற்குள் பித்தளைக் குழாயைப் பசை போட்டுச் செருகி, முனைகளைச் சமமாக்கி, பிறகுதான் லேத்தில் மாட்டிக் கடைய வேண்டும். போன வருஷம் அய்யாவு கொடுத்த ரப்பர் மரத்தில் நாங்கள் செய்த பேனாக்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. கடைவது சுலபம் சம்பந்தி. கடைவதற்கு முன்னால் அந்தத் துண்டைத் தயார் செய்கிறோம் பாருங்கள், மனிதனுடைய மானம் எல்லாம் அங்கேதான் போகிறது.

உங்கள் மாமரத்தில் முதல் துண்டை அறுத்துத் துளை போட்டபோது தூள் பறக்கவில்லை. தேங்காய்த் துருவல் போல ஈரமாக, சுருள் சுருளாக வந்து துளைக்குள்ளேயே அடைத்துக்கொண்டது. நான் அழுத்தினேன். புகை வந்தது. ஈரமான மரத்தில் எப்படிப் புகை வரும் என்று அய்யாவுவிடம் கேட்டேன். "நாற்காலிக் காலுக்கு நடுவுல ஓட்ட கிடையாது அண்ணே, அதனால எனக்குத் தெரியல" என்றார். மேல்முனையில் சரியாக நடுவில் இறங்கிய துளை, கீழே வந்து பார்த்தால் விலாப் பக்கமாக வெளியே எட்டிப் பார்த்தது. வடக்கே ஈப்போவுக்குப் புறப்பட்ட வண்டி தெற்கே சிரம்பானில் போய் நின்றது போல. இரண்டாவது துண்டில் துளை நேராகத்தான் போனது, ஆனால் கடைசியில் வெளியே வரும் இடத்தில் அடிமுனையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. பிறகுதான் பெர்த்திலிருந்து வந்த தாளை எடுத்து வாசித்தோம். கொஞ்சம் இறக்கு, வெளியே எடு, தூளைத் தட்டு, மறுபடி இறக்கு என்று எழுதியிருந்தது. துண்டைத் தேவைக்கு மேல் நீளமாக வெட்டி, துளை மறுபக்கம் வருவதற்கு முன் நிறுத்தி, மிச்சத்தை அறுத்துவிடு என்றும் எழுதியிருந்தது. அதன்படியே செய்து மூன்றாவது துண்டில் குழாயும் ஏற்றிவிட்டேன். அன்று நல்ல தூக்கம். காலையில் பார்த்தால் துண்டு மேலிருந்து கீழ் வரை நீளமாக வெடித்து, உள்ளே பித்தளை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இது இன்னும் உயிரோட இருக்குண்ணே" என்றார் அய்யாவு. "ஈரம் வத்தும்போது மரம் சுருங்கும். உள்ள பித்தளை சுருங்காது. அப்புறம் வெடிக்காம என்ன செய்யும்?"

"காய எவ்வளவு நாளாகும்?"

"நெழல்ல போட்டா ஒரு வருஷம். ஆனா அடுப்பு இருக்கில்ல."

அடுப்பு யோசனை அவருடையது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். புஷ்பவல்லி கேக் சுடுகிற ஓவனில் மாமரத் துண்டுகளைத் தட்டில் அடுக்கி வைத்தோம். அவள் பேங்க் வேலைக்குப் போயிருந்தாள். வீடு முழுக்க முதலில் நல்ல வாசம் வந்தது. பிறகு வேறு வாசம் வந்தது. துண்டுகள் காய்ந்தன, ஆனால் காய்ந்த ஒவ்வொன்றும் முனையில் நட்சத்திரம் போலப் பிளந்திருந்தது. ஓவனைத் துடைத்து வைத்தேன், சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது. மாப்பிள்ளை பிறந்தநாளுக்கு அவள் சுட்டு அனுப்பிய கேக்கை வாயில் வைத்துவிட்டு சம்பந்தியம்மா டெலிபோனில், "என்ன எசன்ஸ் போட்டனீ பிள்ளை?" என்று கேட்டார்களாம். வெனிலா என்று அவள் சொன்னாள். அது உங்கள் மாமரம்.

இனி எங்கள் வீட்டு மரத்தின் கதை. எங்கள் வீடு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு, மரம் வைக்க இடம் ஏது. வாசலில் பூச்செடிக்கு வரம்பாக, என் தகப்பனார் காலத்துச் சிலிப்பர் கட்டை ஒன்று கிடந்தது. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து வேலை செய்த கட்டை. காய்ந்த மரம், இரும்பு மாதிரி. இதில் என்ன குறை வரும் என்றுதான் எடுத்தேன். அறுத்தால் உள்ளே வரை எண்ணெய். கரையான் வராமல் இருக்க அந்தக் காலத்தில் ஊற்றிய தார் எண்ணெய், இத்தனை வருஷம் கழித்தும் கையில் ஒட்டியது. பசை போட்டுக் குழாயைச் செருகினால், பிடித்தது போல இருந்து, லேத்தில் சுற்ற ஆரம்பித்ததும் குழாய் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம் சுற்றியது. எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் பசை போட வேண்டுமாம். துடைக்க வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடி, புஷ்பவல்லியின் மேசையில் இருந்த நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரை ஊற்றித் துடைத்தேன். அது நன்றாக வேலை செய்தது, ஆகவே முழுப் பாட்டிலையும் ஊற்றினேன்.

"அப்பா, அது கல்யாணத்துக்குன்னு வாங்கி வச்சது" என்றாள்.

"இதுவும் கல்யாணத்துக்குத்தான்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவள் அம்மா வள்ளியம்மா உயிரோடு இருந்தவரை இப்படித்தான் பார்ப்பாள். அவள் போன பிறகு அந்தப் பார்வை மகளுக்கு வந்துவிட்டது.

இப்போது நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா மாப்பிள்ளையுடன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு கையை மட்டும் தூக்கி வணக்கம் சொன்னேன். உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, புறப்படும் வரை அந்தக் கையைக் காட்டவேயில்லை. இது திமிர் என்று அவர்கள் நினைத்ததாக மாப்பிள்ளை மூலம் கேள்விப்பட்டேன். திமிர் இல்லை. அவர்கள் கார் வந்து நிற்பதற்குச் சற்று முன்தான் நான் சூப்பர் க்ளூ போட்டுக் குழாயைத் துண்டுக்குள் செருகிக்கொண்டிருந்தேன். அந்தப் பசை பாதி வழியில் பிடித்துக்கொண்டது. குழாய் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பெருவிரலால் அழுத்தினேன். பெருவிரலும் பிடித்துக்கொண்டது. உங்கள் வீட்டு மாமரத்தைக் கையில் ஒட்டிக்கொண்டுதான் உங்கள் வீட்டாரை வரவேற்றேன் சம்பந்தி, இதைவிட நெருக்கமான வரவேற்பு இருக்க முடியாது. நகப்பூச்சுத் தண்ணீர் இருந்திருந்தால் விடுபட்டிருக்கலாம். அதுதான் சிலிப்பர் கட்டைக்குப் போய்விட்டதே. அவர்கள் போன பிறகு புஷ்பவல்லி கடைக்குப் போய் வேறு வாங்கி வந்து விடுவித்தாள், தோல் கொஞ்சம் துண்டோடு போனது.

அன்று சம்பந்தியம்மா வாசலில் செருப்பு மாட்டும்போது ஒன்று கேட்டார்கள். "மேல்பாதி எங்கட மாமரம்தானே?"

நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு எனக்கு வேறொரு வியாதி பிடித்துக்கொண்டது. மேல் பாதி மாமரம் என்றால் கீழ்ப் பாதி சிலிப்பர் கட்டை. அங்கேயும் நாங்கள் தண்டவாளத்துக்கு அடியில்தானா என்று மனம் கேட்டது. சாப்பிடும்போது கேட்டது, குளிக்கும்போது கேட்டது. அய்யாவுவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அண்ணே, கை புடிக்கிறது கீழ்ப்பாதி. எழுதுறதும் கீழ்ப்பாதி. மேல்பாதி சும்மா கிளிப்ப மாட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கா சண்ட?" என்றார். இதில் உங்கள் குடும்பத்தைக் குறைவாகச் சொல்லும் எண்ணம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. எனக்கும் இல்லை, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமைதான் எல்லாம் கூடி வந்தது. ஓவனில் போட்டதில் பிளக்காமல் தப்பிய ஒரே ஒரு மாமரத் துண்டு, அதன் நடுவில் நேரான துளை, இரண்டு டியூப் கலந்து போடுகிற மெதுவான பசை, அதனால் முழுதாக உள்ளே போன குழாய். சிலிப்பர் கட்டையும் எண்ணெய் இல்லாமல் பிடித்துக்கொண்டது. முனைகளை நான் கையால் அரம் போட்டுத் தேய்த்ததில் கோணல் வந்து, இரண்டையும் சேர்த்து வைத்தால் நடுவில் ஒரு பக்கம் வெற்றிலை நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்தது. அதையும் மறுபடி தேய்த்துச் சரி செய்தேன். கடைந்தேன். மாமரம் தேன் நிறத்தில், சிலிப்பர் கட்டை கறுத்த சிவப்பில். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கே நம்ப முடியவில்லை. இனி உள்பாகங்களை அழுத்திப் பொருத்த வேண்டியதுதான் பாக்கி. குழாய்க்கு உள்ளே ஒரு சொட்டுப் பசை வழிந்து காய்ந்திருக்கிறது, அதை முதலிலேயே சுரண்டி எடுத்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. கிளிப் பாகம் பாதியில் நின்றது. அழுத்தினேன். டப் என்று ஒரு சத்தம். மாமரம் இரண்டாகப் பிரிந்து காரின் அடியில் போய் விழுந்தது.

புஷ்பவல்லி வேலையிலிருந்து வந்தபோது நான் கார் நிறுத்தும் இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கைப்பையைக்கூட வைக்காமல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, அய்யாவு அங்கிள் வீட்ல காஞ்ச மரம் நெறைய இருக்காம். போன வருஷம் அதுலதான செஞ்சீங்க. ஒண்ணுகூட வெடிக்கல."

"அது ரப்பர் மரம். அது யார் வீட்டு மரமும் இல்ல."

"சரி. மாமரம் காய எவ்ளோ நாளாகும்?"

"ஒரு வருஷம்."

"அதுக்கப்புறம்?"

"அப்ப பார்த்துக்கலாம்."

அவள் குனிந்து காரின் அடியில் கையை விட்டு உடைந்த சில்லுகளை எடுத்தாள்.

"போகப்போற குச்சிங்ல எனக்கும்தாம்ப்பா யாரையும் தெரியாது" என்றாள். பிறகு உள்ளே போய் அரிசி களைந்து சோறு வைத்தாள்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்குக் கடல் தாண்டிக் குச்சிங்குக்கு மாற்றல் வந்திருப்பதும், அங்கே பள்ளிக்கூடத்துக் குவார்ட்டர்ஸ் கிடைக்கத் திருமணப் பத்திரம் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. அழைப்பிதழ் அச்சாகிவிட்டதும் தெரியும். தேதியின் மேல் சிறிய தாள் ஒட்டிவிடலாம். நல்ல பசை என்னிடம் இருக்கிறது, விரலே சாட்சி. மாப்பிள்ளை முதலில் தனியாகப் போய் ஊரைப் பார்த்துக்கொள்ளட்டும். இளம் வயது, சமாளிப்பார். மாமரக் கிளையின் மிச்சத்தை இரண்டு முனையிலும் மெழுகு பூசி, சாமி அறைக்குப் பின்னால் நிழலில் அடுக்கியிருக்கிறேன். அவசரப்படுத்தினால் வெடிக்கும் சம்பந்தி, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அடுத்த வருஷம் இதே மாதம் காய்ந்துவிடும். ஒருவேளை மழை அதிகமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட ஆகலாம்.

பெரியவர்களாகிய நீங்கள் இருவரும் என் நிலையைப் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் இரண்டு கை வணக்கங்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். அவர் தொட்டதெல்லாம் துலங்க, நான் தொட்டது மட்டும்தான் வெடிக்கிறது என்பது இந்தக் குடும்பத்தோடு நிற்க, எல்லாம் வல்ல முருகன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
மு. சபாபதி

பின்குறிப்பு: தபால்தலை இல்லாமல், ஒன்று வாங்கலாம் என்று அய்யாவு வீட்டுக்குப் போனேன். அவர் லேத்தைக் கழற்றி, பழைய பாயில் சுற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். என்ன இது என்று கேட்டேன்.

"பந்திங்லேர்ந்து மவன் லோரி அனுப்புறான் அண்ணே. அங்கேயே போய் இருக்கப் போறேன். ரொம்ப நாளா கூப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"நீங்க பேனாவ முடிக்கட்டும்னு இருந்தேன். பாதியில லேத்த தூக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? இப்ப பாப்பா வந்து, அப்பா இன்னும் ஒரு வருஷம்னு சொல்றார்னு சொல்லிச்சு." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "ஒரு வருஷம் தாங்காது லா அண்ணே. பேரன் நடக்க ஆரம்பிச்சிட்டானாம். நான் இன்னும் பார்க்கல."

நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். முடிச்சு முடிந்ததும் தபால்தலையைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே சம்பந்தி, தேதியை மாற்ற வேண்டாம். மேலே எழுதியதை வாசித்திருந்தால் வாசிக்காதது போல இருந்துவிடுங்கள். புதிதாக எழுதலாம்தான், ஆனால் தபால்தலை ஒட்டும்போது முதல் தாளும் என் பசையில் உறையோடு ஒட்டிக்கொண்டது, இனி அது கிழிந்தால்தான் வரும். குச்சிங் விமானம் எத்தனை மணிக்கு என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்லுங்கள். சுபாங் விமான நிலையத்துக்கு நானே காரில் கொண்டுவந்து விடுகிறேன். கையெழுத்துக்குப் பேனா இல்லையே என்று சம்பந்தியம்மா வருத்தப்பட வேண்டாம். பதிவு அலுவலகத்துக் கவுன்டரில் ஒரு பேனாவை நூல் கட்டி மேசையோடு பிணைத்து வைத்திருப்பார்கள். குட்ஸ் ஆபீசில் என் காலம் முழுவதும் அப்படி ஒன்றால்தான் எழுதினேன். அது நன்றாகவே எழுதும். எங்கேயும் போகவும் போகாது.